பன்னிரண்டாவது நாற்காலி

எங்கள் வீட்டில் ஒரு புனிதர் இருக்கிறார் என்பதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. நெய்வேலியில் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் எங்களுக்கு ஞானோபதேச வகுப்பு நடக்கும். அங்கே சிஸ்டர் சொன்ன கதைகளிலிருந்து புனிதர்களுக்கு உரிய அடையாளங்களை நான் விரல்விட்டு எண்ணி வைத்திருந்தேன். புனிதர்கள் அதிகம் சாப்பிடமாட்டார்கள். அதிகம் பேசமாட்டார்கள். உடம்பு வலித்தால் கத்தமாட்டார்கள். விடிவதற்கு வெகுநேரம் முன்பே விழித்துவிடுவார்கள். தாடி வைத்திருப்பார்கள். கையில் இருப்பதையெல்லாம் பிறருக்குக் கொடுத்துவிடுவார்கள். அந்த வருடத்துத் தவக்காலத்தில் இவை ஒவ்வொன்றாக எங்கள் அப்பாவிடம் வந்து சேர்ந்தன.

அதற்கு முன்பும் அப்பா சாதாரண ஆள் இல்லை. மைன்ஸில் பக்கெட் வீல் மெஷின் ஓட்டுகிறவர். நெய்வேலிக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஒரு தெருவையே தூக்கி நிறுத்தினால் எவ்வளவு உயரம் இருக்குமோ அவ்வளவு உயரமான இரும்பு மிருகம் அது. முன்னால் ஒரு பெரிய சக்கரம். சக்கரத்தைச் சுற்றி வாளிகள். ஒவ்வொரு வாளியிலும் நானும் அண்ணனும் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடலாம். அது சுற்றிச் சுற்றி மண்ணைக் கொறித்து பெல்ட்டில் துப்பும். ஒருமுறை எங்களைச் சுரங்கத்தின் விளிம்பில் இருந்த பார்வை மேடைக்குக் கூட்டிப்போனார்கள். கீழே தெரிந்த மெஷினைக் காட்டி, "அதோ அந்தக் கண்ணாடி ரூம்புலதான் அப்பா உக்காந்திருப்பாரு" என்றாள் அம்மா. அங்கே எள்ளளவு ஒரு புள்ளி தெரிந்தது. அவ்வளவு பெரிய மிருகம் அந்தப் புள்ளியின் பேச்சைக் கேட்கிறது என்று நினைத்தபோது எனக்கு முதுகுத்தண்டு சில்லென்றது.

அந்த அப்பாவுக்குத்தான் வயிற்றில் வலி வந்தது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்துக்கொண்டு போகும் வலி. முதலில் மாதத்தில் ஒருநாள், பிறகு வாரத்தில் ஒருநாள், அப்புறம் சாப்பிட்ட போதெல்லாம். அல்சர் என்றார்கள், வாயு என்றார்கள், வெந்தயம் விழுங்கச் சொன்னார்கள். கடைசியில் புதுச்சேரிக்குப் போய் ஸ்கேன் எடுத்தபோது, கணையம் நாள்பட்டுக் கெட்டுப்போயிருக்கிறது, உள்ளே கற்கள் இருக்கின்றன என்று தெரிந்தது. கணையம் என்று ஓர் உறுப்பு மனிதனுக்கு இருப்பதே எங்கள் பிளாக்கில் அதுவரை யாருக்கும் தெரியாது. எனக்கு அதிலும் ஒரு பெருமைதான். மைன்ஸில் மண்ணைத் தோண்டுகிறவருக்கு வயிற்றுக்குள்ளேயும் ஒரு சுரங்கம் இருக்கிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டேன்.

ஆனால் பெரியவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "குடிப்பாரா?" டாக்டர் கேட்டார். அது அவர் வேலை. சொந்தக்காரர்கள் கேட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் கேட்டார்கள். கூட வேலை செய்தவர்கள் கேட்காமலேயே முடிவு கட்டிக்கொண்டார்கள். அம்மாவுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. "அவரு காப்பியே அரை டம்ளருதாங்க குடிப்பாரு. வேற எத்த குடிக்கப் போறாரு?" குடிக்காதவர்களுக்கும் இந்த நோய் வரும், நம் பக்கத்தில் நிறையவே வருகிறது என்று அந்த டாக்டரே சொல்லியிருந்தார். அதை ஊர் முழுக்க யார் போய்ச் சொல்வது?

சாப்பாட்டில் எண்ணெய் போயிற்று. தேங்காய் போயிற்று. அம்மா காடாம்புலியூர்க்காரி. முந்திரியை அள்ளிப் போடாமல் அவளுக்கு உப்புமாகூடக் கிண்டத் தெரியாது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெறும் இட்லியும் தண்ணீர் ரசமும் வைத்தாள். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கும் கணக்காக ஒரு கேப்ஸ்யூல். அப்பா இளைத்தார். சட்டைக்குள் அவர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருந்தது. மெஷினில் ஏற முடியாது என்று மைன்ஸில் லைட் டியூட்டி போட்டார்கள். ஆபீஸில் ஒரு மேசை, ஒரு நோட்டு. இரண்டு நாள் போனார். மூன்றாம் நாள் யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு ஷிப்ட் பஸ் வரும் நேரம்வரை கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பஸ் வந்தது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை.

அதன் பிறகு அவர் உள்ளறைக் கட்டிலைவிட்டு அதிகம் நகரவில்லை. வலிக்கும்போது முழங்காலை மடக்கி, முன்னால் குனிந்து, நெற்றியைத் தலையணையில் பதித்துக்கொள்வார். அப்படிக் குனிந்தால் அந்த வலி கொஞ்சம் அடங்குமாம். அது எனக்குத் தெரியாது. மாதா படத்துக்கு எதிரே ஒரு மனிதர் மணிக்கணக்கில் முழங்காலில் நின்று நெற்றி படுக்கையில் பட வணங்கிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். மற்ற நேரங்களில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். ரேடியோ வேண்டாம், பேப்பர் வேண்டாம். கேட்டால் ஒரு வார்த்தை, கேட்காவிட்டால் அதுவும் இல்லை.

"வலி எப்பிடியிருக்குன்னு கேட்டா இப்ப தேவலைன்றாரு. தேவலைன்னா எந்திரிச்சி குளிக்கலாம் இல்ல? செவுத்தையே பாத்துக்கினு இருக்காரு" என்று பக்கத்து வீட்டு மாமியிடம் அம்மா குறைபட்டுக்கொண்டாள். கண்ணேறு என்றார் ஒருவர். சோம்பல் என்றார் இன்னொருவர். மனசை விட்டுவிடக் கூடாது, ஆம்பளை தைரியமாக இருக்க வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். விஷயம் புரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். என் அப்பா புனிதராகிக்கொண்டிருந்தார்.

எனக்கு அவரைப் பார்க்கவே பயமாகவும் பரவசமாகவும் இருந்தது. அறைக்குள் போகுமுன் செருப்பைக் கழற்றுவேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டு, கணக்கில் பாஸாக வேண்டும் என்று மனத்துக்குள் கேட்பேன். அவர் சில சமயம் என் தலையில் கைவைப்பார். அந்தக் கை காய்ந்த சருகுபோல இருக்கும். ஐம்பதுக்கு முப்பத்தெட்டு வந்தது. அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பக்கத்து வீட்டு மாமாவின் மகள் என் தோழி. அவர்கள் திருநெல்வேலிப் பக்கம், எங்களைப் போல வேதக்காரர்கள் இல்லை. ஆனாலும் ரகசியத்தைச் சொன்னதும் அவள் கொஞ்சமும் சந்தேகப்படவில்லை. வாசலில் நின்று கும்பிட்டு, தொலைந்துபோன காம்பஸ் கிடைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். அது அடுத்த நாளே பீரோவுக்கடியில் கிடைத்தது. "எங்க ஊர்ல இவுகள மாதிரி ஒருத்தர் இருந்தா செம்புல பால் கொண்டாந்து வைப்பாக" என்றாள். பாலில் கொழுப்பு இருக்கிறது, டாக்டர் கூடாது என்று சொல்லியிருக்கிறார் என்று நான் விளக்க வேண்டியதாயிற்று.

புனிதர்கள் தொட்ட பொருளுக்கு அருளிக்கம் என்று பெயர். பிற்காலத்தில் அதைக் கண்ணாடிப் பேழையில் வைத்து எல்லோரும் முத்தமிடுவார்கள். அப்போது கோயிலிலிருந்து ஆள் வந்து கேட்கும்போது முழிக்கக் கூடாதே என்று நான் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்க்கத் தொடங்கினேன். காலியான கேப்ஸ்யூல் அட்டைகள், சீப்பில் சிக்கிய தாடி மயிர், சட்டையிலிருந்து விழுந்த ஒரு பித்தான். டப்பா பாதி நிறைந்தது.

பிறகு அவர் கொடுக்கத் தொடங்கினார். முதலில் சைக்கிள். அதைப் பக்கத்து வீட்டு மாமாவிடம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அம்மா அப்போது மாவு அரைக்கப் போயிருந்தாள். மாமா ஏதோ அவசரத்துக்கு இரவல் வாங்கியிருக்கிறார் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அடுத்து, அவர் பத்திரமாக வைத்திருந்த மை பேனாவைப் பேப்பர் போடும் பையனுக்குக் கொடுத்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடையாளங்களில் கடைசியும் வந்துவிட்டது.

குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் உபதேசியார் ஒரு பிரச்சினையை அறிவித்தார். பெரிய வியாழன் சாயங்காலப் பூசையில் பன்னிரண்டு ஆண்களை உட்காரவைத்துச் சாமியார் அவர்கள் பாதங்களைக் கழுவுவார். அப்போஸ்தலர்களுக்கு இயேசு கழுவியதன் நினைவு. மற்ற ஊர்களில் இது சுலபம். நெய்வேலியில் அப்போஸ்தலர்களையும் ஷிப்ட் சார்ட் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். பதினொரு பேர் தேறிவிட்டார்கள், எங்கள் பிளாக்கிலிருந்து வர வேண்டியவருக்கு செகண்ட் ஷிப்ட் விழுந்துவிட்டது, வேறு யாராவது பெயர் கொடுங்கள் என்றார். யாரும் கொடுக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரியும். கடைசியாக வருகிறவருக்குப் பன்னிரண்டாவது நாற்காலி. அது, இயேசுவைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தூக்குப்போட்டுக்கொண்ட யூதாசின் நாற்காலி என்று பிள்ளைகள் பேர் வைத்திருந்தோம். அதில் உட்கார்ந்தவரை அடுத்த வருடப் பாஸ்குப் பண்டிகை வரைக்கும் கேலி செய்வோம்.

பூசை முடிந்ததும் நான் உபதேசியாரிடம் ஓடிப்போய் அப்பாவின் பெயரைக் கொடுத்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்பாவால வர முடியுமா பாப்பா?" என்றார். வருவார் என்றேன். புனிதரை ஊருக்குக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் எப்போது வரும்?

மறுநாள் திங்கட்கிழமை. அண்ணனுக்குப் பத்தாவது பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயம். அவன் வீட்டுக்கு வந்ததும் அப்பா கூப்பிட்டு, கையிலிருந்த வாட்சைக் கழற்றி அவன் கையில் கட்டினார். கல்யாணத்துக்கு வாங்கிய வாட்ச். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா பிடுங்கிவிடுவாள் என்று பயந்து, முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். அவர் தானாக என்னைக் கூப்பிட்டு எத்தனையோ நாளாகியிருந்தது.

"பாப்பா, உனுக்கு இன்னா வேணும்?"

ஒரு புனிதர் நேருக்கு நேர் கேட்கிறார். பென்சில் பாக்ஸ் கேட்கலாம். தலைக்கு வெல்வெட் பேண்ட் கேட்கலாம். ஆனால் பொருள் கேட்கும் பக்தர்களைப் பற்றிச் சிஸ்டருக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இல்லை.

"பெரிய வியாழன் கோயிலுக்கு வரணும்ப்பா. சாமியாரு கால் கழுவுவாரு. நான் பேர் குடுத்துட்டேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "வியாழக்கிழமையா?" என்றார். "ம்" என்றேன். "இன்னிக்கு இன்னா கெழமை?" திங்கள் என்றேன். அவர் மடியிலிருந்த கையை எடுத்து, கட்டைவிரலால் மற்ற விரல்களை மெல்லத் தொட்டு எண்ணினார். செவ்வாய், புதன், வியாழன். மூன்றாவது விரலில் நிறுத்திக்கொண்டு வெகுநேரம் இருந்தார். மூட்டையை இன்னும் கொஞ்ச தூரம் சுமக்கச் சொன்னால் கூலியாள் பெருமூச்சு விடுவாரே, அப்படி ஒரு மூச்சு வந்தது.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"செரி. வர்றேன்."

செவ்வாயும் புதனும் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் வியாழக்கிழமை காலையில் நக வெட்டியைக் கேட்டு வாங்கினார். குளியலறையில் உட்கார்ந்து கல்லால் குதிகாலைத் தேய்த்துக் கழுவினார். அம்மா கரண்டியும் கையுமாக நின்று அதை அதிசயமாகப் பார்த்தாள். வெட்டிய நகங்கள் என் டப்பாவுக்கு வந்து சேர்ந்தன என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

சாயங்காலம் நாலு பேரும் கிளம்பினோம். வாசலில் பக்கத்து வீட்டு மாமா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, இந்த ஒடம்ப வச்சிக்கிட்டு நடந்தா போறிய? சைக்கிள்ல உக்காருங்க, தம்பி தள்ளிட்டு வரட்டும்" என்றார். பிறகு அம்மாவிடம், "இத நீங்களே வச்சிக்கிடுங்க மைனி. ஏன் எனக்குக் குடுத்தாகன்னு நாலு நாளா யோசிச்சிட்டே இருக்கேன். மனசுக்குச் சரியாப் படல" என்றார். அம்மா ஒன்றும் புரியாமல் சைக்கிளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அண்ணன் ஹேண்டிலைப் பிடித்தபோது சட்டைக் கை மேலேறி, வாட்ச் பளிச்சென்று தெரிந்தது. அதையும் பார்த்தாள். வழி நெடுக அவள் அப்பாவின் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். சின்னப்பிள்ளை மாதிரி இருக்கிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள். கடைசி நாற்காலி அப்பாவுக்கு. எனக்கு அதில் மட்டும் ஒரு வருத்தம். ஆனால் அப்பா தயங்காமல் போய் உட்கார்ந்தார். தாடியும் ஒட்டிய கன்னமுமாக, அந்த வரிசையில் படத்திலிருந்து இறங்கி வந்த அப்போஸ்தலர் அவர் ஒருவர்தான். மற்ற பதினொரு பேரும் கேன்டீனில் சாப்பிட்டுக் கொழுத்தவர்கள். பின்வரிசையில் யாரோ "குடிச்சிக் கெடுத்துக்கிட்டாரே" என்று கிசுகிசுத்தது என் காதில் விழுந்தது. அம்மாவின் காதிலும் விழுந்திருக்கும்.

சாமியார் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராகக் கழுவி வந்தார். கழுவுவது, துடைப்பது, குனிந்து முத்தமிடுவது. அப்பாவிடம் வந்தபோது அவர் முழங்காலில் நின்று அந்த எலும்பும் தோலுமான பாதத்தை இரண்டு கையாலும் ஏந்தினார். வெதுவெதுப்பான தண்ணீர் விழுந்ததும் அப்பாவின் உடம்பு ஒரு குலுக்கு குலுங்கியது. பிறகு அவர் அழுதார். விக்கி விக்கி, தோள் இரண்டும் ஆட, பக்கத்திலிருந்த மைக் அதை வாங்கிக் கோயில் முழுக்கப் பரப்பும்படி அழுதார். எத்தனையோ மாதமாக வலியில்கூட ஒரு சத்தம் போடாதவர். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். சாமியார் பாதத்தை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார். அழுகை அடங்குகிறவரை அவர் எழுந்திருக்கவில்லை. அவ்வளவு பெரிய ஒன்றை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பார்வை மேடையிலிருந்து பார்த்த மெஷின்கூட அதற்கு முன்னால் சின்னதாகிவிட்டது.

திரும்பும்போது பாதி வழியில் அப்பா பேசினார். "யூதாசுக்கும் கழுவிதான் வுட்டிருக்காரு, இல்ல?" என்றார். அம்மா சைக்கிளை நிறுத்தச் சொன்னாள்.

"வாட்சு குடுத்துட்டீங்க. சைக்கிளு குடுத்துட்டீங்க. இன்னா முடிவு பண்ணிக்கினு இருக்கீங்க?"

அப்பா, "வியாழக்கெழம வரைக்கும் இருக்கறன்னு பாப்பாகிட்ட சொன்னேன்" என்றார்.

அம்மா அப்படியே வழியோரத்துப் பலா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றியதற்காக என் அப்பாவை நினைத்துப் பூரித்துப்போய் நான் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் பெரிய வெள்ளி. வருடத்தில் யாரும் கோயிலுக்குப் போகாமல் இருக்கக் கூடாத நாள். அன்று காலையிலேயே பக்கத்து வீட்டு மாமாவையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, அம்மா அப்பாவைப் பஸ் ஏற்றிப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போனாள். எனக்கு அது பெரிய பாவமாகப் பட்டது. அங்கே டாக்டர் முதல்முறையாக வயிற்றை விட்டுவிட்டு வேறு கேள்விகள் கேட்டாராம். தூக்கம் எப்படி, காலையில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, உயிரோடு இருக்கப் பிடிக்கிறதா. இப்படி வருடக்கணக்கில் வலியோடு இருக்கிறவர்களுக்கு மனமும் நோயில் விழும், அது அவர் தப்பில்லை, சோம்பலும் இல்லை, இதற்கும் மருந்து உண்டு என்று சொல்லி, மனநல டாக்டரிடம் கையோடு அனுப்பிவைத்தாராம். ஒரு வாரம் அங்கேயே வைத்திருந்தார்கள்.

பாஸ்கு அல்லேலூயா முடிந்து பல வாரங்கள் கழித்து, முந்திரிப்பழ வாசனை தெருவெல்லாம் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அப்பா தாடியை மழித்துக்கொண்டு வந்து நின்றார். என் ராங்க் கார்டைப் பார்த்து, "முப்பத்தெட்டு ஒரு மார்க்கா?" என்று திட்டினார். அம்மா அடுப்படியில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் காரணம் வேறு. கைக்கெட்டிய புனிதர் போய்விட்டாரே என்ற ஏமாற்றம். அன்று சாயங்காலமே டப்பாவைக் கொண்டுபோய் அந்தப் பலா மரத்தடியில் கொட்டிவிட்டேன்.

வலி அவரை முழுசாக விடவில்லை. லைட் டியூட்டி நோட்டோடுதான் அவர் ரிட்டையர் ஆனார். சர்க்கரையும் சேர்ந்துகொண்டது. சுவரைப் பார்க்கும் நாட்களும் இடையிடையே வந்தன. அப்போதெல்லாம் அவரே அம்மாவிடம், "புதுச்சேரிக்கு ஒரு நடை போயிட்டு வந்துருவமா?" என்று சொல்லிவிடுவார். என் மகளின் புதுநன்மை விழாவுக்கு வந்திருந்தபோது, எண்ணெய் இல்லாத இட்லியைப் பிட்டபடி, யாரும் கேட்காமலேயே அவர் அந்தத் திங்கட்கிழமையைப் பற்றிச் சொன்னார்.

"உங்கண்ணன் மாதிரி நீயும் ஒரு பொருளு வாங்கிக்கினு போயிருந்தா, நானும் போயிருப்பேன் பாப்பா. வியாழக்கெழம வான்னு ஊரெல்லாம் சொல்லிட்ட. அப்புறம் எப்பிடிப் போறது?"

அவ்வளவுதான். கேப்ஸ்யூலைப் போட்டுக்கொண்டு தண்ணீர் கேட்டார். நான் எழுந்துபோய் எடுத்துக் கொடுத்தேன். ஒன்பது வயதில் அவரைப் பார்த்து எனக்கு உண்டான பிரமிப்பு அத்தனை வருடம் கழித்து அப்படியே திரும்பி வந்தது. இந்தமுறை அது தப்பான காரணத்துக்காக இல்லை. சாக முடிவு செய்த ஒருவர், வயிற்றில் அந்த வலியோடு, மனத்தில் அந்த இருட்டோடு, ஒரு சிறுமிக்குக் கொடுத்த வாக்குக்காகச் செவ்வாயையும் புதனையும் எப்படிக் கடந்திருப்பார்? எந்தப் புனிதரின் கதையிலும் அப்படி ஒன்றை நான் கேட்டதில்லை.

அந்தத் திங்கட்கிழமை நான் அவரிடம் கேட்டது மூன்று நாள் என்று எனக்குத் தெரியாது. அவர் சரியென்றது எதற்கு என்றும் தெரியாது. அவர் மூன்று விரல்களை எண்ணி முடித்ததும், நான் அவர் பாதங்களை எட்டிப் பார்த்தேன். "குதிகால்ல அழுக்கா இருக்குப்பா, நல்லாத் தேச்சிக் கழுவிக்கினு வரணும், சாமியாரு முத்தம் குடுப்பாரு" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டேன்.